நிலைக்கதவில் இறக்கை வைத்த குழந்தை: நம் ஆசாரி வேலையா, வெள்ளைக்காரன் வேலையா?

வளவுவீட்டுப் பேரன் | ஞாயிறு இரவு 9.40

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாட்டையா கட்டிய வீடு. 1920 வாக்கில் கட்டி முடித்ததாகப் பழைய கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இப்போது பங்காளிகள் ஏழு புள்ளி, அதாவது ஏழு குடும்பம். முன்னோர்க்குப் படைக்கிற படைப்புக்கு ஒருமுறை கூடுவோம், மற்ற நாளில் வீட்டுக்கு ஒரு காவலாளியும் வவ்வால்களும்தான் துணை.

இந்த முறை கூடியபோது பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். வீடு வேண்டாம், முகப்பு நிலையை மட்டும் கழற்றிக் கொடுங்கள் என்றார். பேச்சு அங்கே தொடங்கியது. நிலைக்கு மேலே உள்ள பலகையில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, அதற்கு வெளியே கிளிகள். அதுவரை யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் நிலையின் இரண்டு காலிலும் கீழிருந்து ஒரு கொடி ஏறுகிறது; அதில் தொங்குவது திராட்சைக் குலை. கொடி முடியும் இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, இறக்கை வைத்த கொழுகொழு குழந்தை.

சித்தப்பா சொன்னது இது: "லட்சுமி நம்ம சாமி. மத்ததெல்லாம் இங்கிலீஷ்காரன் கேட்டலாக்கைப் பார்த்து அடிச்சது. இதைப் போய் பாரம்பரியம்னு கட்டிக்கிட்டு அழாதே, நல்ல விலை வரும்போது கொடுத்துடு."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விற்பதா வேண்டாமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் குழந்தை யாருடையது என்று மட்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்வெட்டுக் கிறுக்கன் | ஞாயிறு இரவு 10.25

கலப்பே இல்லாத தச்சு வேலை எந்தக் காலத்தில் இருந்தது என்று சித்தப்பாவைக் கேளுங்கள்.

மணிமேகலையில் சோழனுக்கு மண்டபம் கட்டியவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. மகத வினைஞர், மராட்டக் கம்மர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர். இவர்கள் தண்டமிழ் வினைஞரோடு கூடிச் செய்தது என்கிறார் சாத்தனார். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறார். யவனத் தச்சன் வந்து வேலை செய்ததுதான் அந்த மண்டபத்துக்கே மதிப்பு.

அடுத்து மண்டகப்பட்டு. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அந்தக் குடைவரையில் வெட்டி வைத்திருப்பது என்ன? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தேன் என்று. இதை ஒரு அரசன் மார்தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதுவரை கோயில் என்றாலே இவையெல்லாம்தான். மாமல்லபுரத்தில் போய் நில்லுங்கள். திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரைக் குடிசை. பீம ரதத்தின் மேல்பகுதி வண்டிக்கூடு மாதிரி வளைந்திருக்கும். கல்லில் அந்த வளைவுக்கு ஒரு தேவையும் கிடையாது. மரச்சட்டத்தை வளைத்துக் கூரை போட்டுப் பழகிய கை, கல்லிலும் அதையே செய்தது.

ஆவுடையார்கோயில் கொடுங்கை, அதாவது வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பு, இன்னும் வேடிக்கை. மரச்சட்டம், கம்பி, ஆணித்தலை வரை கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடுங்கையும் திருவலஞ்சுழிக் கல் பலகணியும் (சாளரம்) நீங்கலாக எதைக் கேட்டாலும் செய்து தருகிறோம் என்று பழைய சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம்.

பிறகு கணக்கு திரும்பியது. இன்று நாம் இழுக்கிற தேரைப் பாருங்கள். சக்கரத்துக்கு மேலே கல் கோயிலின் அதிட்டானம் (அடித்தளம்) அடுக்கடுக்காக மரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். மரத்தைப் பார்த்துக் கல், கல்லைப் பார்த்து மறுபடி மரம். இதில் எது அசல், எது காப்பி?

பழமைவிரும்பி | ஞாயிறு இரவு 11.10

கிறுக்கனுக்கு வணக்கம். கேட்டது 1920ஐப் பற்றி, நீங்கள் 1,300 வருடம் சுற்றிவிட்டு வந்துவிட்டீர்கள்.

நான் சித்தப்பா கட்சி. காரணம் சொல்கிறேன். தேரில் ஒரு பலகை எங்கே வரவேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கீழே பூதம், யானை, யாளி. அதற்கு மேலே புராணம். மேலே போகப்போக சாமி. அந்தக் கோயில் எந்தக் கோயிலோ அந்தத் தல புராணம் அதில் இருக்கும். இலுப்பையோ வேங்கையோ, மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வெள்ளோட்டம் வரை ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. செட்டிநாட்டு நிலையில் அப்படி என்ன முறை? இடம் காலியாக இருந்தது, கொடி ஓடவிட்டார்கள். காசு இருந்தது, குழந்தைக்கு இறக்கை வைத்தார்கள். அது தொழில்திறமை, மறுக்கவில்லை. மரபு என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று. 1850ல் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் கலைப் பள்ளி தொடங்கினார். 1884ல் அங்கே பொறுப்பேற்ற ஹாவெல் என்ற வெள்ளைக்காரர், இந்தியத் தொழிலாளி மேற்கத்திய மாதிரிகளைப் பார்த்து வரையக் கூடாது, அவனுக்கென்று ஒரு வழி இருக்கிறது என்று பின்னாளில் ஊரெல்லாம் சொன்னவர். வெள்ளைக்காரரே 'காப்பி அடிக்காதே' என்கிறார், நம் ஆட்கள் 'அடி' என்று காசு கொடுத்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா?

ரங்கூன் அப்பத்தா வீடு | திங்கள் காலை 7.05

காசு கொடுத்ததைப் பற்றிப் பேசுவதென்றால் காசு வந்த வழியையும் பேச வேண்டும்.

அந்த நிலை பர்மா தேக்காகத்தான் இருக்கும். 1850களிலிருந்து நம்மவர்கள் அங்கே வட்டிக்கடை போட்டார்கள். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது, பர்மா அரிசி ஐரோப்பா வரை போனது, காடு வயலானது, வயலாக்க முன்பணம் கொடுத்தவர்கள் செட்டியார்கள். அந்தப் பணம்தான் இங்கே தூணாகவும் நிலையாகவும் நிற்கிறது. 1930களில் நெல் விலை விழுந்ததும் கடன் அடைக்க முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் வயலில் கால்வாசி அளவுக்கு இவர்களிடம் வந்து சேர்ந்தது. பர்மாக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டைப் பற்றிப் பெருமை பேசும் யாரும் இதைப் பேசுவதில்லை, நான் பார்த்தவரை. 1937ல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942ல் ஜப்பான்காரன் வந்தான். அதோடு எல்லாம் முடிந்தது. என் அப்பத்தா கப்பல் கிடைத்து வந்துவிட்டாள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். பர்மாவிலிருந்து வந்தது மரமும் பணமும், அரக்குப் பூசிய டப்பாக்களும். செதுக்கல் பாணி வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பர்மாக்காரர்கள் மடாலயங்களில் செய்கிற மர வேலையை அங்கே பார்த்திருக்கிறேன். தீ எரிவது மாதிரி நுனி கூராக மேலே மேலே ஏறும். நம் நிலையில் அந்தக் கூர் கிடையாது. இங்கே எல்லாம் உருண்டை, கொழுப்பு. தேர் செய்த கை அது.

தம்மம்பட்டி உளி | திங்கள் மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தலைமுறையாக இந்த வேலை.

மரபு மரபு என்கிறீர்கள், எங்கள் பட்டறை வாசலில் கிடக்கும் மரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தம்மம்பட்டியிலும் அந்தப் பக்கம் பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரிலும் இன்று பெரிய சிலைக்கு அதிகம் போவது தூங்குமூஞ்சி மரம். தூங்குவாகை என்போம். அது நம் ஊர் மரமே இல்லை. தென் அமெரிக்கப் பக்கத்து மரம். வெள்ளைக்காரன் காலத்தில் சாலையோர நிழலுக்கு வைத்தது. இப்போது அதில்தான் பிள்ளையாரும் பெருமாளும் வருகிறார்கள். மாவிலங்கும் அத்தியும் அளவாகக் கிடைக்கும், தேக்கு விலை கேட்டால் தலை சுற்றும். தூங்குமூஞ்சியில் ஆறடிக்கு ஒரே துண்டு கிடைக்கும், ஒட்டு வேண்டாம். ஈரம் முழுசாகக் காயும் முன்பே உளி வைக்கலாம். காயும்போது மற்ற மரம் மாதிரி கோணிக்கொண்டு போகாது. உள்ளே வைரம் (நடுக்கட்டை) நல்ல பழுப்பு, அதைச் சுற்றியுள்ள வெளிறு மஞ்சள். அந்த நிற மாற்றம் சாமி மூக்கின் மேல் வராமல் மரத்தைத் திருப்பி வைப்பதில்தான் பாதி வேலை.

மரம் மாறியதும் வேலை மாறியது. தேக்கில் எண்ணெய் இருக்கும், நுணுக்கம் நிற்கும், ஆனால் உளியின் முனையைத் தின்றுவிடும். ஒரு நாளில் எத்தனை முறை சாணைக்கல்லுக்குப் போவது? அதனால் அந்தக் கால ஆசாரி ஆழமாகத் தோண்ட வேண்டிய இடத்தை முதலிலேயே யோசித்து வைப்பான். தூங்குமூஞ்சி இளகிய மரம், நார் பெரிசு. அதில் கிளி மூக்கைத் தேக்கில் மாதிரி கூராக எடுத்தால் பிய்ந்துவிடும். எனவே நாங்கள் பெரிசாக, உருட்டாகச் செய்கிறோம். பார்க்கிறவர்கள் 'தம்மம்பட்டி ஸ்டைல்' என்கிறார்கள். மரத்தின் ஸ்டைல் அது!

மாறாதது ஒன்று உண்டு. காவி தோய்த்த நூலை நடுவில் அடித்துக் கோடு போட்ட பிறகுதான் முதல் உளி. அங்கிருந்து தாலக் கணக்கு; தாலம் என்றால் ஒரு முக நீளம். பெரிய சாமிக்கு உத்தம தசதாலம், உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம். அங்குலம் என்றால் டேப்பில் இருக்கிற அங்குலம் அல்ல. எடுக்கப்போகும் சிலையின் உயரத்தை 124ஆகப் பிரித்தால் வருவது ஒரு அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். மரம் அமெரிக்காவிலிருந்து வந்தாலும் கணக்கு இதுதான்.

பேரன் சாருக்கு ஒரு வேலை. இறக்கை வைத்த குழந்தைக்குச் சாஸ்திரத்தில் அளவு கிடையாது. கேட்டவர் படத்தைக் காட்டி 'இது வேணும்' என்றிருப்பார். ஆசாரி என்ன செய்வான்? கையில் இருக்கிற பாலகிருஷ்ணன் அளவை எடுத்து, முதுகில் இறக்கையை ஒட்டியிருப்பான். நெற்றி முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். உடம்பு முழுக்க அந்த நூல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

சுன்னாகத்தாள் | திங்கள் பின்னேரம் 5.15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அந்தத் திராட்சைக் கொடியைப் பற்றி ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கட வீட்டுத் தளபாடங்களின் பெயரைக் கேட்டாலே சரித்திரம் தெரியும். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயச் சொல். அலுமாரிக்குள் இழுக்கிற லாச்சி ஒல்லாந்தச் (டச்சு) சொல். ஒல்லாந்தர் 1658இல் வந்து நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர்கள். கடைசல் பிடித்த கால், பிரம்பு பின்னின முதுகு எல்லாம் அவர்களோடு வந்தது. சொல்லோடு வேலையும் வந்தது. ஆனால் செய்த கை எங்கட ஆசாரிமாருடையது, மரம் எங்கட முதிரையும் பாலையும் வேம்பும்.

என்ர அம்மம்மாவின் தகப்பன் தச்சு வேலை செய்தவர். கோயில் வாகனமும் செய்தார், பக்கத்து ஊர் மாதா கோயிலுக்குப் பீடமும் செய்தார். பீடத்தில் திராட்சைக் கொடி போடச் சொல்லிக் கேட்பார்கள், அது கிறிஸ்தவர்களுக்கு அடையாளம் அல்லவா. ஒரு கொடியைப் பழகின கை அதோடு நிற்குமோ? பிறகு சைவ வீட்டு நிலையிலும் அதே கொடி வந்திருக்கு. கேட்டால் கொடிதானே என்று சிரிப்பாராம். அங்கேயும் தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்குத் தேர் இழுக்கிறார்கள். அப்படியென்றால் தேர் அந்தப் பக்கம் போயிருக்கு, கொடி இந்தப் பக்கம் வந்திருக்கு. அவ்வளவுதான் கதை.

கல்வெட்டுக் கிறுக்கன் | திங்கள் மாலை 6.00

லாச்சி! அருமை. இங்கே 'டிராயர்' என்று சொல்லி முடித்துவிட்டோம். ஜன்னலும் போர்த்துக்கீசியம்தான். நம்மிடம் காலதர் இருந்தது, கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சாளரம் இருந்தது, பலகணி இருந்தது. மூன்றையும் விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். இழையை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும்.

தக்கலை பஸ் | திங்கள் இரவு 8.20

பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பூமுகத்துக் (முகப்பு மண்டபம்) கூரையை அண்ணாந்து பாருங்கள், தொண்ணூறு விதப் பூ, ஒன்று போல் ஒன்று இல்லை என்பார்கள். (நான் எண்ணத் தொடங்கி நாற்பதில் கழுத்து வலித்து விட்டுவிட்டேன்.) அங்கேயே சீனர்கள் கொடுத்த இருக்கை, டச்சுக்காரர்கள் கொடுத்ததாகச் சொல்லும் மூலிகை மரக் கட்டில். 1741ல் குளச்சலில் டச்சுக்காரனை அடித்து விரட்டியவர் மார்த்தாண்ட வர்மா. அடித்தவன் வீட்டிலேயே அடிவாங்கியவன் ஊர்க் கட்டில்.

மூன்றச்சு | செவ்வாய் காலை 10.45

கோவையில் சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் மரம் செதுக்கும் மெஷின், வைத்திருக்கிறேன். கல்லெறிய வேண்டாம், கொஞ்சம் கேளுங்கள்.

இப்போது கதவுக்கு டிசைன் கேட்டு வருபவர்கள் முக்கால்வாசிப் பேர் போனில் படம் காட்டுகிறார்கள். அது எந்த நாட்டுக் கதவு என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இணையத்தில் கோப்பு கிடைக்கிறது, வாங்குகிறேன், ஓட்டுகிறேன். ஒரே லட்சுமி முகம் திருப்பூரிலும் இருக்கிறது, தெலங்கானாவிலும் இருக்கிறது. பழமைவிரும்பி சார் 1920ஐத் திட்டுகிறார். என்னிடம் வந்து பார்த்தால் 1920 ஆசாரியின் காலில் விழுவார்.

பேரன் சாருக்கு ஒரு சின்னக் குறிப்பு. என்னுடையது போன்ற மூன்றச்சு மெஷின் மேலிருந்து மட்டும்தான் வெட்டும். பக்கவாட்டில் நுழைந்து பின்பக்கம் குடைய அதற்குத் தெரியாது. அந்தக் குழந்தையின் இறக்கைக்குப் பின்னாலோ திராட்சைக்குப் பின்னாலோ விரலை விட்டுப் பாருங்கள். விரல் உள்ளே போனால் அந்த இடத்தில் ஒருவர் வளைந்த உளியை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டலாக்கில் முன்பக்கம் மட்டும்தான் இருந்திருக்கும். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

பழமைவிரும்பி | செவ்வாய் மதியம் 12.30

மூன்றச்சு சொன்னதில் கடைசி வரி எனக்குப் பிடித்தது, ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து அம்மா சொன்னதும் சரி.

ஆனால் உளிக்காரரிடம் ஒரு கேள்வி. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், கள்ளக்குறிச்சிக்கு 2021ல். கள்ளக்குறிச்சிக்காரர்களோ மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்களே சொல்லும் கதை. ஊர் மாறி வந்திருக்கிறார்கள், மரம் கடல் தாண்டி வந்திருக்கிறது, வாங்குபவர் பெங்களூரில் இருக்கிறார். அப்புறம் எந்த மண்ணின் குறியீடு இது? கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். அப்புறம் அந்த நூல் அளவு. குழந்தை எந்த நாட்டிலும் தலை பெரிசாகத்தான் பிறக்கும். இத்தாலிக்காரன் வரைந்த குழந்தையை அளந்தாலும் நாலு, ஐந்து முகம்தான் வரும். அதை வைத்து பாலகிருஷ்ணன் என்று முடிவு கட்ட முடியாது.

தம்மம்பட்டி உளி | செவ்வாய் இரவு 9.15

நூல் விஷயத்தில் பிடித்துவிட்டீர்கள். அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாதுதான்.

குறியீடு பற்றி என்ன சொல்வது? எங்களுக்கு அது லேபிள். உண்மையில் வேலையை மாற்றுவது வாங்குகிற ஆள். கோயில் மட்டும் வாங்கிய காலத்தில் அப்பா வாகனம் செய்தார்: அதிகார நந்தி, யாளி, குதிரை. 1973ல் அரசு பூம்புகார் கைவினைக் கழகத்தைத் தொடங்கிய பிறகு கடை அலமாரியில் நிற்கிற சைஸ் வந்தது. ஒன்றரை அடி, இரண்டடி, தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. வாகனம் தோளில் போவது, தூரத்திலிருந்து பார்ப்பது. கண் பெரிசாக, விழி பிதுங்கி இருக்கும். அதே கண்ணை இரண்டடிச் சிலையில் வைத்தால் வீட்டில் குழந்தை பயப்படும். கண் சின்னதானது, உதட்டில் சிரிப்பு வந்தது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, விற்காதது திரும்பி வந்தது, அதைப் பார்த்து மாற்றினோம்.

போன வருடம் ஒரு ஓட்டல் ஆர்டர், பேர் வேண்டாம். புத்தர் தலை கேட்டார்கள், தலை மட்டும். உடம்பில்லாமல் தலை செய்ய எனக்குக் கை வரவில்லை. தாலக் கணக்குப் போட்டு உடம்பையும் பலகையில் வரைந்துவிட்டு, கழுத்துக்குக் கீழே ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தேன். வரைந்த பலகை இன்னும் பட்டறையில் சாய்ந்திருக்கிறது. பணம் பாதிதான் வந்தது, அது வேறு கதை.

வளவுவீட்டுப் பேரன் | சனி இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. இன்று ஊருக்குப் போய்விட்டு வந்தேன். காவலாளியிடம் ஏணி வாங்கி, டார்ச்சோடு ஏறினேன்.

நூல் அளவு: இடது பக்கக் குழந்தை முகம் மூன்று விரற்கடை. உடம்பு முழுக்க ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. பழமைவிரும்பி சொன்னது போல் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

விரல்: போகிறது. இறக்கைக்குப் பின்னால் என் சுண்டுவிரல் இரண்டு கணு வரை போனது. உள்ளே தொட்டால் சொரசொரப்பாக இல்லை, வழவழவென்று இருக்கிறது. யாரும் பார்க்கப் போகாத இடத்தை எதற்குத் தேய்த்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு குளவிக் கூடும் இருந்தது, அதனால் மேற்கொண்டு ஆராயவில்லை.

அப்புறம் ஒன்று. கீழே நின்று இத்தனை வருடம் பார்த்தும் தெரியாதது. தொப்புளுக்குக் கீழே ஏதோ கோடு மாதிரி தூசி அடைத்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்தேன். அரைஞாண் கயிறு. முறுக்கு முறுக்காக, ஒரு நெல் அகலத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். இடுப்பின் இடது பக்கம் ஒரு முடிச்சு, முடிச்சிலிருந்து இரண்டு நுனி தொங்குகிறது. காலில் தண்டை. சந்தேகத்துக்கு அந்தப் பக்கக் குழந்தையையும் போய்ப் பார்த்தேன். அதற்கும் அரைஞாண் இருக்கிறது, முடிச்சு வலது பக்கம். இரண்டும் வாசலைப் பார்த்த பக்கம்.

சித்தப்பாவுக்குப் படம் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "என் அரைஞாணை அப்பத்தா இந்தப் பக்கம்தான் கட்டுவாள்" என்று பதில் வந்தது. விற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரி நாளை மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

உளிக்காரரே, துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. முழுவதையும் சுத்தம் செய்ய என்ன போடலாம்? ஊரில் வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார்கள்.

பழமைவிரும்பி | சனி இரவு 11.20

படத்தை இங்கேயும் போடுங்கள்.

தம்மம்பட்டி உளி | ஞாயிறு காலை 6.40

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். நூறு வருடத் தேக்கு, மேலே தோல் போட்டால் உள்ளே இருக்கிற நிறம் செத்துவிடும், உரிக்கும்போது நுணுக்கமும் போகும். தண்ணீரும் வேண்டாம். முதலில் பெயின்ட் பிரஷ், பழசு, முடி மெத்தென்று ஆனது, அதால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுங்கள். அப்புறம் பழைய வேட்டித் துணியில் ஆளி விதை எண்ணெய் கொஞ்சமாகத் தொட்டு, பிழிந்துவிட்டு, நார் போகிற போக்கில் தடவுங்கள். அரை மணி கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும்; விரித்துக் காயப்போடுங்கள். குளவிக் கூட்டை இருட்டிய பிறகு எடுங்கள். அந்த அரைஞாண் முறுக்கில் எண்ணெய் தேங்க விடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும். தென்னை ஈர்க்கு நுனியில் துணி சுற்றி எடுத்துவிடலாம்.